மறையாத பொத்தான்: எலிகன்ஸ் புழுக்கருவில் செல் சடலம் அகற்றப்படும் விதம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஒளி ஊடுருவும் செல்லையும் மேடுபள்ளம் போலக் காட்டும் நொமார்ஸ்கி ஒளியியல் பொருத்திய நுண்ணோக்கியில் எலிகன்ஸ் புழுவின் கருவைப் பார்த்தால், சாகும் செல் சட்டைப் பொத்தான் போலத் தெரியும். சுற்றியுள்ள செல்கள் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக இருக்கும். இது மட்டும் மேடிட்டு, வழவழப்பாக, விளிம்பு கூர்ந்து, வட்டமாக நிற்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அது இருந்த இடமே தெரியாது.

சில பிறழ்வுப் புழுக்களில் அந்தப் பொத்தான் மறைவதில்லை. அப்படியென்றால் பக்கத்து செல் அதை விழுங்கவில்லையா, அல்லது விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் வைத்திருக்கிறதா? நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், பழுதோ இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் எடுத்து அட்டவணை போட்டுவிட்டு "விழுங்குதலில் குறைபாடு" என்று எழுதிவிடுவது இந்தத் துறையில் எளிதாக நேரும் தவறு. அதை எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் இங்கே பேசப்போவது.

ஏன் இந்தப் புழு

எலிகன்ஸ் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மண்புழு இனமல்லாத உருளைப்புழு. இதன் இருபால் புழு வளரும்போது 1090 உடல் செல்கள் பிறக்கின்றன. அவற்றில் 131 செத்துப்போகின்றன, மிச்சம் 959. எந்தச் செல், எந்த இடத்தில், எந்த நேரத்தில் சாகும் என்பது புழுவுக்குப் புழு மாறுவதில்லை. ஜான் சல்ஸ்டனும் ராபர்ட் ஹார்விட்சும் 1977 இல் இளம்புழுவின் செல் வம்சாவளியை வெளியிட்டார்கள். 1983 இல் சல்ஸ்டன் குழு கருவின் வம்சாவளியையும் முடித்தது. அந்த 131 சாவுகளில் 113 முட்டைக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. இவர்கள் இருவருக்கும் சிட்னி பிரென்னருக்கும் 2002 இல் நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு முக்கியமானது இன்னொன்று: இந்தப் புழுவுக்கு மேக்ரோபேஜ், அதாவது செல் சடலங்களை விழுங்குவதையே தொழிலாகக் கொண்ட செல், கிடையாது. உடற்குழியில் ஆறு சீலோமோசைட்டுகள் உண்டு, ஆனால் அவை திரவத்தைத்தான் உறிஞ்சும், செல் சடலத்தைத் தொடாது. பிணம் தூக்கத் தனி ஆள் இல்லாத ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்தானே தோள் கொடுக்க வேண்டும்? இங்கும் அப்படித்தான். தோல் செல், குடல் செல், தசைச் செல் என்று யார் அருகில் இருக்கிறாரோ அவர் தன் வழக்கமான வேலைக்கு நடுவே இதையும் பார்த்துக்கொள்கிறார். அதனால் ஒரு சாதாரணச் செல்லுக்குள் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கலப்படமில்லாமல் பார்க்க முடிகிறது.

எடுத்துக்கொண்ட செல்கள்

கருவின் வயிற்றுப்புறத்தில் சாகும் மூன்று செல்களை ஆய்வகங்கள் சி1, சி2, சி3 என்று அழைக்கின்றன. முதல் செல்பிரிவிலிருந்து ஏறத்தாழ 330 நிமிடத்தில், இருபக்கத் தோல் செல்களும் வயிற்றின் நடுக்கோட்டை நோக்கி நகர்ந்து மூடும் வேளையில், அதே தோல் செல்கள் இவற்றை விழுங்குகின்றன. பரப்புக்கு அருகில் நடப்பதால் படம் தெளிவாக விழும். விழுங்கும் செல்லும் விழுங்கப்படும் செல்லும் ஒவ்வொரு கருவிலும் அதே செல்கள் என்பதால், ஒரு கருவை இன்னொன்றோடு நிமிடக் கணக்கில் ஒப்பிடலாம்.

தயாரிப்பு பெரிய வித்தையில்லை. முட்டை நிரம்பிய புழுவை எம்9 உப்புக் கரைசல் துளியில் வைத்து, நடுவயிற்றில் ஊசியால் கீறினால் முட்டைகள் வெளியே வரும். இரு செல் நிலையில் உள்ளவற்றை நுண்குழாயால் எடுத்து, கண்ணாடி வில்லையில் 4 விழுக்காடு அகர் திண்டின்மேல் வைத்து, மூடுவில்லை போட்டு, ஓரங்களை வாசலினால் அடைக்க வேண்டும். வெப்பநிலை 20 டிகிரி. ஒரு கருவின் நீளம் 50 மைக்ரான், அகலம் 30 மைக்ரான். திண்டு மெலிந்தாலோ காய்ந்தாலோ மூடுவில்லை அழுத்திக் கரு தட்டையாகிவிடும். தட்டையான கருவில் செல்கள் இடம் மாறிக் கிடக்கும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

310 ஆம் நிமிடத்திலிருந்து 2 நிமிடத்துக்கு ஒருமுறை, 0.5 மைக்ரான் இடைவெளியில் 10 முதல் 16 அடுக்குப் படங்கள் எடுப்பது வழக்கம். 430 ஆம் நிமிடத்தை ஒட்டித் தசை இழுக்கத் தொடங்கிவிடும். அதன்பின் கரு முட்டைக்குள் உருளும், ஒரு குறிப்பிட்ட சடலத்தைத் தொடர்ந்து பார்ப்பது மிகக் கடினம். ஆக கையில் இருப்பது இரண்டு மணி நேரம்தான். கரு அந்த நேரத்துக்கு உருளவில்லை என்றால் மகிழ வேண்டாம். அடையாளத்துக்காகச் செல்லில் சேர்த்த ஒளிரும் புரதத்தைத் தூண்டும் ஒளி அதிகமாகிக் கருவைச் சுட்டுவிட்டது என்று பொருள். அந்தக் கருவில் சடலம் மெதுவாகச் செரித்ததாகத் தெரிந்தாலும் அது மரபணுவின் குற்றமில்லை, விளக்கின் குற்றம். பதிவு முடிந்ததும் கரு பொரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தரவைச் சேர்க்க வேண்டும்.

பழுதில்லாத கருவில் நடப்பது

செட் என்று தொடங்கும் பெயர்களெல்லாம் செல் சாவோடு தொடர்புடைய மரபணுக்களுக்கும் அவற்றின் புரதங்களுக்கும் இட்டவை. சாவு உறுதியானதும் செட்-3 என்ற புரதவெட்டி நொதி விழித்துக்கொள்கிறது. அது வெட்டும் புரதங்களில் செட்-8 ஒன்று. வெட்டுண்ட செட்-8, சவ்வின் உள்ளடுக்கில் இருக்க வேண்டிய பாஸ்பட்டைடில்செரின் என்ற கொழுப்பை வெளியடுக்குக்குத் தள்ளுகிறது. இதுதான் "என்னைத் தின்னு" என்ற அடையாளம். டிடிஆர்-52 என்ற சுரக்கப்படும் புரதம் ஒரு கையால் அந்தக் கொழுப்பையும், மறு கையால் பக்கத்து செல்லின் செட்-1 ஏற்பியையும் பிடித்துக்கொள்கிறது.

செட்-1 உடன் பச்சை ஒளிர்புரதத்தை ஒட்டவைத்த புழுவில் அடுத்து நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் இரு செல்களும் தொடும் இடத்தில் ஒரு பச்சைத் தீற்றல். அது பிறை ஆகிறது. பிறையின் இரு முனைகளும் சடலத்தைச் சுற்றி நீள்கின்றன, அவைதான் போலிக்கால்கள். பத்து நிமிடத்துக்குள் முனைகள் சந்தித்து வளையம் மூடுகிறது. இப்போது சடலம் தோல் செல்லுக்குள், பாகோசோம் என்ற பைக்குள் இருக்கிறது. வளையம் மூடியபின் பச்சை மங்குகிறது, ஏனென்றால் ரெட்ரோமர் என்ற புரதக்கூட்டம் செட்-1 ஐப் பையிலிருந்து எடுத்து மேற்பரப்புக்குத் திருப்பி அனுப்புகிறது. அடுத்த சடலத்துக்கு அதே ஏற்பி வேண்டுமே.

அதன்பின் பையின் சவ்வில் பிஐ3பி என்ற பாஸ்பேட் ஏறிய கொழுப்பு தோன்றுகிறது. ராப்-5, பிறகு ராப்-7 என்ற சிறு புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. ராப்-7 வந்தால்தான் செல்லின் செரிமான அறைகளான லைசோசோம்கள் பையோடு இணைந்து, அமிலத்தையும் நொதிகளையும் உள்ளே கொட்டும். சுமார் ஒரு மணி நேரத்தில் பையின் ஆரம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது, கொள்ளளவில் இது 27 இல் ஒரு பங்கு. பெரிய பை ஒரே உருண்டையாகவே கரைந்துபோவதும் இல்லை. கருவின் இரண்டாம் துருவச் செல்லை விழுங்கிய பையைக் கவனித்தவர்கள், அதிலிருந்து குழாய்கள் நீண்டு அறுந்து சிறு பைகளாகச் சிதறுவதையும், சிறுபைகளில் சரக்கு வேகமாகச் செரிப்பதையும் காட்டியிருக்கிறார்கள்.

இரண்டு வரிசை மரபணுக்கள்

விழுங்குதலுக்குத் தேவையான மரபணுக்கள் இரண்டு வரிசையில் நிற்கின்றன. ஒன்று செட்-1, செட்-6, செட்-7. மற்றது செட்-2, செட்-5, செட்-12. இரண்டும் கடைசியில் செட்-10 ஐத் தூண்டி, செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் என்ற புரத இழைகளின் எலும்புக்கூட்டை நகர்த்துகின்றன. இந்த செட்-10 தான் மனிதரில் ராக்1. செட்-5 க்கு மனிதரில் இணை டாக்180, செட்-12 க்கு எல்மோ, செட்-1 க்கு மெகஃப்10. ஒரே வரிசையில் இரண்டு மரபணுக்கள் கெட்டால் சடலங்களின் எண்ணிக்கை அவ்வளவாக ஏறாது. வரிசைக்கு ஒன்றாகக் கெட்டால் ஏறும். இந்தக் கணக்கை வைத்துத்தான் 1991 இல் ஹார்விட்ஸ் குழு இரண்டு வரிசை என்று பிரித்தது.

செட்-7 கொஞ்சம் விசித்திரமானது. உடலின் ஒரு பகுதியில் மட்டும் மரபணு இருக்கும் மொசைக் புழுக்களை வைத்து 1998 இல் சோதித்தபோது, அது விழுங்கும் செல்லிலும் வேண்டும், சாகும் செல்லிலும் வேண்டும் என்று தெரிந்தது. மற்றவை விழுங்குபவருக்கு மட்டுமே தேவை.

பொத்தான் மறையவில்லை: காரணம் எது

இப்போது நிகழ்வுக்கு வருவோம். ஒரு பிறழ்வுப் புழுவின் முட்டைகளில், பொரிக்கும் நிலைக்கு முந்தைய கருவில், தலைப்பகுதியில் இரட்டை இலக்கத்தில் பொத்தான்கள் நிற்கின்றன. இயல்பான புழுவில் அந்த நிலையில் ஒன்றும் இருக்காது. காரணங்கள் நான்கு இருக்கலாம்.

முதலாவது, சாவே அதிகமாகியிருக்கலாம். செட்-9 சாவைத் தடுத்து நிறுத்தும் புரதம். அது கெட்டால், உயிரோடு இருக்க வேண்டிய செல்களும் சாகும். அகற்றும் வேலை ஒழுங்காக நடந்தாலும் ஒரு நேரத்தில் கண்ணில் படும் சடலங்கள் கூடும். ஒரே கருவைத் தொடர்ந்து படமெடுத்து, ஒரு பொத்தான் தோன்றி மறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தால் போதும். ஆயுள் இயல்பாக இருந்து எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால், கூடியது சாவுதான்.

இரண்டாவது, பார்த்த நேரம் தவறாக இருக்கலாம். இது அற்பமாகத் தெரியும், ஆனால் எண்ணிக்கையைக் கெடுப்பதில் இதற்கு நிகர் எதுவுமில்லை. கரு காற்புள்ளி வடிவிலும் அதைத் தொடர்ந்த ஒன்றரை மடிப்பு நிலையிலும் இருக்கும்போது இயல்பான புழுவிலேயே ஏறக்குறைய பத்து சடலங்கள் தெரியும், ஏனென்றால் அப்போதுதான் சாவுகள் உச்சத்தில் இருக்கின்றன. மெதுவாக வளரும் பிறழ்வுப் புழுவைக் கடிகார நேரத்தைக் கொண்டு ஒப்பிட்டால் இல்லாத குறைபாடு தெரியும். நிலையை நிமிடத்தால் அல்ல, உருவத்தால் குறிக்க வேண்டும்.

மூன்றாவதும் நான்காவதும்தான் உண்மையான சிக்கல்: விழுங்காமை, செரியாமை.

செட்-1 பச்சை வளையம் முதல் சோதனை. செட்-5 கெட்ட புழுவில் பொத்தானின் ஒரு பக்கம் பச்சைத் தீற்றல் இருக்கும், பிறை நீளாது. சில நேரம் பாதி வரை வந்து நின்றுவிடும், சில நேரம் பின்வாங்கும். ராப்-7 கெட்ட புழுவில் வளையம் உரிய நேரத்தில் மூடிவிடும், பொத்தான் மட்டும் அப்படியே இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு அடுக்குப் படத்தில் வளையம் முழுசாகத் தெரிந்தால் மூடிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கிண்ணத்தை மேலிருந்து பார்த்தாலும் வட்டம்தான். மேலும் கீழுமாக எல்லா அடுக்குகளிலும் வளையம் சிறுத்து முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது பிஐ3பி கொழுப்பைப் பிடித்து ஒளிரும் அடையாளம். அது பையின் சவ்வில் ஏறினால் பை மூடிவிட்டது என்று நம்பலாம். மூன்றாவது சோதனை லைசோசோமின் உள்ளறைப் புரதம் ஒன்றைச் சிவப்பாக ஒளிரச் செய்வது. இயல்பான தோல் செல்லில் சிவப்புப் புள்ளிகள் பையைச் சுற்றிக் கூடும், சற்று நேரத்தில் பையின் உட்புறமே சிவந்துவிடும். ராப்-7 இல்லாத செல்லிலோ புள்ளிகள் பையைச் சுற்றி முத்துமாலைபோல் ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் கரும் ஓட்டை அப்படியே இருக்கும். லைசோசோம் வாசல்வரை வந்திருக்கிறது, கதவு திறக்கவில்லை. இந்தப் படம் ஒன்று கிடைத்துவிட்டால் வாதத்துக்கு இடமில்லை.

வளர்ந்த புழுவின் சூலகக் குழாயில் வேலை இன்னும் சுலபம். அங்கே சாகும் இனச்செல்களைச் சுற்றியுள்ள உறைச்செல்கள் விழுங்குகின்றன. அக்ரிடின் ஆரஞ்சு சாயத்தில் புழுவை ஊறவைத்தால், விழுங்கப்பட்டு அமிலமேறிய சடலம் ஒளிரும். விழுங்கப்படாத சடலம் பொத்தானாகத் தெரியும், ஆனால் ஒளிராது. பொத்தான் உண்டு, ஒளி இல்லை என்றால் பழுது விழுங்குதலிலோ, விழுங்கியபின் அமிலமேறுவதிலோ இருக்கிறது. இந்தச் சாயத்தால் அதற்கு மேல் பிரிக்க முடியாது.

கடைசி மேல்முறையீடு மின்னணு நுண்ணோக்கி. சடலத்தைச் சுற்றி எத்தனை சவ்வுகள் என்று எண்ண வேண்டும். சடலத்தின் சொந்தச் சவ்வு, அதற்கு வெளியே பையின் சவ்வு, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே செல்லின் சைட்டோபிளாசம் என்றிருந்தால் விழுங்கியாயிற்று. ஒரு பக்கம் ஒரு செல்லும் மறு பக்கம் வேறொரு செல்லும் தொட்டுக்கொண்டிருந்தால் சடலம் இன்னும் தெருவில்தான் கிடக்கிறது.

இப்படிப் பிரித்துப் பார்த்ததில் வெளிவந்த ஒரு விஷயம், பிரிவு நாம் நினைத்த அளவுக்குச் சுத்தமானதல்ல என்பது. செட்-1 ஐ எல்லோரும் விழுங்கும் மரபணு என்றே எழுதிவந்தார்கள். செட்-1 இல்லாத புழுவிலும் சில சடலங்கள் தப்பித்தவறி விழுங்கப்படுகின்றன, அவற்றைத் தனியே தொடர்ந்து பார்த்தபோது அவையும் மெதுவாகத்தான் செரித்தன. செட்-1, செட்-6 வழியாக டைனமின் புரதத்துக்குப் போகும் செய்தி, பை மூடிய பிறகும் ராப்-7 ஐ வரவழைக்கத் தேவைப்படுகிறது என்று 2008 இல் தெரியவந்தது. கதவைத் திறந்த கையே அடுப்பையும் பற்றவைக்கிறது. எனவே வளையச் சோதனையில் "மூடவில்லை" என்று வந்த மரபணுவுக்கும் செரிமானத்தில் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. மூடிய சில பைகளைத் தேடிப்பிடித்து அவற்றின் ஆயுளையும் அளக்க வேண்டும்.

எண்ணும்போது ஏமாற்றுபவை

குடல் செல்களில் உள்ள கொழுப்பு, கருவுணவுத் துளிகள் பளபளக்கும், ஆனால் சடலத்தைவிடச் சிறியவை, கூட்டமாக இருக்கும். பிரியப்போகும் செல் உருண்டு வழவழப்பாகும், இரண்டு நிமிடம் பொறுத்தால் இரண்டாகிவிடும். நரம்புச் செல் வீங்கிச் சாகும் வகையும் உண்டு. மெக்-4 மரபணுவின் ஒருவகைப் பிறழ்வில் தொடுஉணர் செல்கள் அப்படிச் சாகின்றன. அவை பொத்தான் போலன்றிப் பள்ளம் விழுந்த குமிழிபோல், செல்லைவிடப் பல மடங்கு ஊதித் தெரியும். அவற்றைத் தனிப் பத்தியில் எண்ண வேண்டும். இளம்புழுவில் எண்ணும்போது அசைவை நிறுத்தச் சோடியம் அசைடு போடுகிறார்கள், நேரம் அதிகமானால் புழுவே சாகத் தொடங்கிப் புதுப் பொத்தான்கள் முளைக்கும். எண்ணுபவருக்குப் புழுவின் மரபணு வகை தெரியாமல் இருப்பது நல்லது. விளிம்பில் நிற்கும் ஒரு வட்டத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று தீர்மானிப்பது கண்ணல்ல, எதிர்பார்ப்பு.

விழுங்குபவர் வெறும் துப்புரவாளர் அல்ல

பொத்தான் தோன்றுவதற்கு முன்பே பக்கத்து செல்லின் கரங்கள் நீளத் தொடங்கிவிடுவதைக் கவனித்திருப்பார்கள். செட்-3 முழுதாகக் கெடாமல் பலவீனப்பட்ட புழுக்களில், சாவை நோக்கிப் போன சில செல்கள் பாதி வழியில் திரும்பி உயிர் பிழைக்கின்றன. அத்தகைய புழுவில் விழுங்கும் மரபணுவையும் கெடுத்தால் பிழைக்கும் செல்கள் இன்னும் கூடுகின்றன. 2001 இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே காட்டின. அதாவது தடுமாறும் செல்லைப் பக்கத்து செல் தள்ளிவிடுகிறது. ஆகவே விழுங்குதல் கெட்ட புழுவில் சடலத்தை எண்ணும்போது, செத்திருக்க வேண்டிய ஒன்றிரண்டு செல்கள் சாகாமலே இருக்கவும் வாய்ப்புண்டு.

பொத்தான் மறைந்தும் வேலை முடியாத புழு

இதுவரை பார்த்தது மறையாத பொத்தான். இதன் மறுபக்கம் நுக்-1 பிறழ்வு. இங்கே சடலங்கள் நேரத்துக்கு விழுங்கப்படுகின்றன, நேரத்துக்கு மறைகின்றன, எண்ணிக்கை பூச்சியம். ஆனால் டி.என்.ஏ.வைச் சாயமேற்றிப் பார்த்தால், சாவு நடந்த இடங்களிலெல்லாம் கடுகுபோல் செறிந்த புள்ளிகள் இருக்கும். புரதமும் கொழுப்பும் கரைந்துபோயின, டி.என்.ஏ. மட்டும் விழுங்கிய செல்லின் வயிற்றில் தங்கிவிட்டது. நுக்-1 என்பது லைசோசோமுக்குள் அமிலத்தில் வேலை செய்யும் டி.என்.ஏ. வெட்டி நொதி, பாலூட்டிகளின் டிஎன்ஏஸ்-2 க்கு இணை. குடலில் புழு தின்ற பாக்டீரியாவின் டி.என்.ஏ.கூட இந்தப் பிறழ்வில் செரிக்காமல் நிற்கும். நொமார்ஸ்கி எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் இந்த மரபணு கண்ணிலேயே பட்டிருக்காது. அதனால் அகற்றுதல் இயல்பானது என்று எழுதுமுன் டி.என்.ஏ. சாயம் ஒன்றையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

இவ்வளவு செரிக்காத டி.என்.ஏ.வைச் சுமந்தும் நுக்-1 புழு நடமாடுகிறது, முட்டை இடுகிறது. செட்-1 புழுவும் அப்படித்தான், உடம்பெங்கும் சடலத்தோடு வாழ்ந்துவிடும். எலியில் கதை வேறு. நம் உடலில் நொடிக்கு இருபது லட்சம் அளவில் சிவப்பணுக்கள் உருவாகின்றன, ஒவ்வொன்றும் தன் உட்கருவை வெளியே தள்ளுகிறது. அந்த உட்கருவும் மேலே பாஸ்பட்டைடில்செரினைக் காட்டுகிறது, அருகில் நிற்கும் மேக்ரோபேஜ் அதை விழுங்குகிறது. ஷிகெகாசு நகாட்டா குழு 2001 இல் டிஎன்ஏஸ்-2 இல்லாத எலியை உருவாக்கியபோது, அது கடும் இரத்தச்சோகையோடு பிறக்குமுன்பே இறந்தது. கருவின் ஈரலில் மேக்ரோபேஜ்கள் செரிக்காத உட்கருக்களால் பிதுங்கி நின்றன. கொன்றது அந்தச் சுமை அல்ல. லைசோசோமிலிருந்து கசிந்த டி.என்.ஏ.வை வைரஸ் என்று எண்ணி செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்தது, அதுதான் சிவப்பணு வளர்ச்சியைக் கெடுத்தது. இன்டர்ஃபெரான் ஏற்பியையும் சேர்த்து நீக்கியதும் எலிக்குட்டிகள் உயிரோடு பிறந்தன. புழுவிடம் இன்டர்ஃபெரான் கிடையாது, அடிக்க மணியே இல்லாத வீடு அது.

பிழைத்த அந்த எலிகள் வளர்ந்ததும் அவற்றின் கால் மூட்டுகள் வீங்கின. 2006 இல் வெளியான விவரப்படி அது முடக்குவாதத்தை ஒத்த பல்மூட்டு அழற்சி. டி.என்.ஏ. தேங்கிய மேக்ரோபேஜ்கள் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரந்துகொண்டே இருந்தன, அதற்கெதிரான ஆன்டிபாடியைக் கொடுத்ததும் வீக்கம் குறைந்தது. 2017 இல் மனிதக் குழந்தைகளிலும் இந்த நொதியின் மரபணு இரு படிகளிலும் கெட்டிருப்பது கண்டறியப்பட்டது: பிறந்தவுடன் இரத்தச்சோகை, பின்னர் சிறுநீரகப் பாதிப்பு, மூட்டு அழற்சி, இரத்தத்தில் இன்டர்ஃபெரான் தூண்டலின் தடயம்.